டவர் ஃபுல்லா நிக்குது, கால் மட்டும் போகல: ஒரே அலையில எத்தன பேரு பேச முடியும்?

12 மார்ச் 2025, காலை

மணவாளக்குறிச்சி தம்பி கேட்டது, அப்படியே:

"அண்ணே, நேத்து மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைக்குக் கடைசி நாள், ஒடுக்கு பூஜை. கூட்டத்துல அம்மைய விட்டுட்டேன். போன்ல டவர் ஃபுல்லா நிக்குது, கால் போட்டா போகவே இல்ல. ஒரு மணிக்கூறு அலைஞ்சேன். காச வாங்கிட்டு வேணும்னே குறைச்சு வைக்கானுவளா? இல்ல, ஒரே அலையில எத்தன பேருதான் பேச முடியும்?"

குறைக்கவில்லை. இடம் இல்லை.

திரையில் நிற்கிற கோடு, டவர் பேசுவது உன் போனுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதை மட்டும்தான் காட்டும். உன் போன் பேசுவது டவருக்குக் கேட்கிறதா, கேட்டாலும் உனக்கு ஒதுக்க அங்கே ஏதாவது மிச்சம் இருக்கிறதா, இந்த இரண்டுக்கும் அந்தக் கோடு பொறுப்பில்லை. கோயில் பக்கத்து டவருக்குக் கீழேயே நின்றிருப்பாய். ஃபுல்லாகத்தான் நிற்கும்.

கடை திறக்கணும். மீதி ராத்திரி.

12 மார்ச், இரவு

கடை போடுவதற்கு முன்னால் நான் ஒரு கான்ட்ராக்டரிடம் ட்ரைவ் டெஸ்ட் வேலை, அதாவது ரோடு ரோடாகப் போய் சிக்னல் அளக்கிற வேலை, பார்த்தவன். ஜீப்பில் லேப்டாப், அதில் செருகிய நாலைந்து போன், கூரைமேல் ஜிபிஎஸ். களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரை எல்லா ரோட்டிலும் ஊர்ந்திருக்கிறோம். சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் மேப்பில் பச்சைப் புள்ளி விழும், கால் விழாத இடத்தில் சிவப்பு. கொடை நாளில் மண்டைக்காட்டு ரோடு பார்க்கவே வேடிக்கையாக இருக்கும். முழுக்கப் பச்சை, அந்தப் பச்சைமேலேயே சிவப்புச் சிவப்பாக.

என்ன நடக்கிறது என்றால், சும்மா கிடக்கிற போனுக்கு நெட்வொர்க்கில் தனியாக இடம் எதுவும் கிடையாது. கால் பட்டனை அமுக்கியதும் அது முதலில் "நான் இருக்கேன், எனக்கு ஒரு இடம் குடு" என்று டவரைப் பார்த்து ஒரு சின்னக் கூவல் போட வேண்டும். யார் எப்போது கூவலாம் என்று முறை வைக்க வழியில்லை. முறை கேட்பதே அந்தக் கூவலால்தான். 4ஜியில் இதற்கு ஒரு செல்லுக்கு (டவரின் ஒரு பக்க ஆன்டெனா கவனிக்கிற பரப்பு) 64 கூவல் குறிகள், அதிலும் சிலது வேறு வேலைக்கு. போன் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கும். அதே நொடியில் பக்கத்தில் நிற்கிறவர் போனும் அதே குறியை எடுத்தால் மோதல். இரண்டும் கொஞ்சம் பொறுத்து மறுபடி கூவும்.

இது பழைய கதைதான். 1971ல் ஹவாய்த் தீவுகளில் நார்மன் ஆப்ராம்சன் குழு அலோஹா என்று ஒரு ரேடியோ நெட்வொர்க் ஓட்டியது. தோன்றும்போது அனுப்பு, மோதினால் மறுபடி அனுப்பு, அவ்வளவுதான் சட்டம். கணக்குப் போட்டால் அலைநேரத்தில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் உருப்படியாகப் பயன்படும். எல்லோரும் ஒரே தாளத்தில் தொடங்க வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்தால் 37 வரை வரும். அதற்கு மேல் கூட்டம் கூடினால் பயன் கூடாது, சரியும்.

ஆகவே ரீடயலைத் திரும்பத் திரும்ப அமுக்குவது உனக்கும் ஆகாது, உன் அம்மைக்கும் ஆகாது.

13 மார்ச்

குளச்சல்காரர்: "அப்போ எனக்கு எஸ்எம்எஸ் மட்டும் எப்படிப் போச்சு வோய்?"

குறுஞ்செய்திக்குப் பேச்சு வழித்தடம் வேண்டாம். கால் ஏற்பாடு செய்கிற சின்ன ஓடையிலேயே ஏறிப் போய்விடும். எதிராளி போன் கிடைக்காவிட்டாலும் மையத்தில் காத்திருந்து திரும்பத் திரும்ப முட்டிப் பார்க்கும். கூட்டத்தில் ஆளைத் தேடினால் ஒரே ஒரு எஸ்எம்எஸ், "கொடிமரத்துக் கிட்ட நிக்கேன்" என்று. வீடியோ கால் போட்டு "எங்க நிக்கிய, பின்னாடி என்ன தெரியுது" என்று கேட்கிற கொள்ளுப்பேரன்மார்தான் மொத்த இடத்தையும் தின்பது.

14 மார்ச்

"எத்தன பேரு" என்பதற்கு நேரடியாகப் பதில் சொல்லு என்று மூன்று பேர் மிரட்டியாயிற்று. 2ஜியிலிருந்து வந்தால்தான் எண்ணிச் சொல்ல முடியும், அதனால் அங்கிருந்தே வருகிறேன்.

2ஜி முறையான ஜிஎஸ்எம் 900ல் போன் டவருக்கு அனுப்ப 890 முதல் 915 மெகாஹெர்ட்ஸ், டவர் போனுக்கு அனுப்ப 935 முதல் 960. நடுவில் 45 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வைத்ததால்தான் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் முடிகிறது. இந்த 25 மெகாஹெர்ட்ஸை 200 கிலோஹெர்ட்ஸ் பட்டைகளாக வெட்டினால் 125, ஓரத்துக் காவலுக்கு ஒன்று போக 124 கிடைக்கும். ஒவ்வொரு பட்டையையும் நேரத்தால் எட்டாக வெட்டுவார்கள். ஒரு துண்டு 577 மைக்ரோசெகண்ட். எட்டுத் துண்டும் ஒரு சுற்று சுற்ற 4.6 மில்லிசெகண்ட். உன் போன் தன் துண்டு வரும்போது மட்டும் வெடிப்பாகப் பேசிவிட்டு, மீதி ஏழு துண்டு நேரம் வாயை மூடிக்கொள்ளும். குரலைச் சுருக்கி அடைத்து அனுப்புவதால் காதுக்கு விட்டுவிட்டுக் கேட்பதில்லை.

இதை நீங்கள் எல்லோரும் காதால் கேட்டிருக்கிறீர்கள். பழைய நோக்கியாவை ரேடியோ பக்கத்தில் வைத்தால், மணி அடிப்பதற்கு ஒரு விநாடி முன்னால் ஸ்பீக்கர் "டிட்டி டிட்டி டிர்ர்ர்" என்று உறுமுமே, அது இதுதான். நொடிக்கு 217 தடவை போன் திறந்து மூடுவது ஸ்பீக்கர் கம்பியில் ஏறி விழுகிற சத்தம். மார்த்தாண்டம் பஸ்ஸில் பாட்டு நடுவே அது வந்ததும் ஆளாளுக்குப் பாக்கெட்டைத் தடவுவார்கள். இப்போதைய பிள்ளைகளுக்கு அந்தச் சத்தமே தெரியாது.

இனி எண்ணிக்கை. ஒரு கம்பெனிக்கு ஆரம்பத்தில் கிடைத்தது, போவதற்கு 4.4, வருவதற்கு 4.4 மெகாஹெர்ட்ஸ். அதாவது 22 பட்டை. பக்கத்து டவரில் அதே பட்டையை வைத்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று கரகரக்கும், ஆகவே நாலு டவர், டவருக்கு மூன்று முகம் (மூன்று பக்கம் பார்க்கிற ஆன்டெனா), மொத்தம் பன்னிரண்டு முகத்துக்கும் பட்டைகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, தூரத்தில் போய் அதையே மறுபடி போடுவார்கள். 22ஐப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். முகத்துக்கு இரண்டு பட்டைகூட முழுசாக வராது. இரண்டு என்றே வைத்தாலும் 16 துண்டு, ஒன்று அறிவிப்புக்குப் போனால் 15. ஒரே நேரத்தில் பதினைந்து பேர், அவ்வளவுதான் மக்கா.

பதினைந்து பேர் பேசலாம் என்றால் பதினைந்து பேருக்குத்தான் சிம் விற்கலாமா? அங்கேதான் எர்லாங் வருகிறார். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் இருந்த டேனிஷ்காரர், 1917ல் சூத்திரம் கொடுத்துவிட்டார், செல்போனுக்குப் பல காலம் முன்னாலேயே. நூற்றுக்கு இரண்டு கால் விழாமல் போனால் பரவாயில்லை என்று வைத்துக்கொண்டால், 15 தடத்தில் 9 எர்லாங் ஓட்டலாம் (ஒரு தடம் மணி நேரம் முழுக்க நிரம்பியிருந்தால் ஒரு எர்லாங்). பரபரப்பான ஒரு மணி நேரத்தில் ஆள் ஒன்றரை நிமிடம் பேசுகிறார் என்றால் 360 பேர் வரை தாங்கும். ஒரே பட்டை, 7 தடம் என்றால் 2.9 எர்லாங், சுமார் 117 பேர். தடம் இரண்டு மடங்குக்குச் சற்று மேல், தாங்குவது மூன்று மடங்கு. சேர்த்து வைத்துப் பகிர்ந்தால் வீணாவது குறைகிறது.

இந்தச் சூத்திரத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஆட்கள் அவரவர் பாட்டுக்கு, தனித்தனி நேரத்தில் கூப்பிட வேண்டும். ஒடுக்கு முடிந்த அந்த நிமிடம் எல்லோரும் சேர்ந்து "எங்க நிக்கிய" என்று கேட்டால் எர்லாங்குக்கு வேலை இல்லை.

15 மார்ச்

தக்கலை நண்பர் ஒருவர், "செல்போனைக் கண்டுபிடிச்சதே ஒரு ஹாலிவுட் நடிகைதான், தெரியுமா" என்று வாட்ஸ்அப் படத்தை ஒட்டியிருக்கிறார்.

பாதிதான் சரி. ஹெடி லமார், கூட இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைல், இருவருக்கும் 1942 ஆகஸ்ட் 11ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ரேடியோவால் ஓட்டும் டார்பிடோவை எதிரி குழப்பாமல் இருக்க அலைவரிசையைத் தாவித் தாவி மாற்றும் யோசனை. பியானோவுக்கு 88 கட்டை, இவர்களும் 88 அலைவரிசை என்றார்கள். ஜிஎஸ்எம்மில் தாவல் உண்டு, ப்ளூடூத் நொடிக்கு 1600 தடவை தாவும். ஆனால் செல்போன் என்பது ஊரைச் செல் செல்லாகப் பிரிப்பது. அந்த யோசனை 1947ல் பெல் ஆய்வகத்தில் காகிதத்தில் வந்தது. மார்ட்டின் கூப்பர் கையில் போனோடு நியூயார்க் தெருவில் நின்று பேசியது 1973 ஏப்ரல் 3ல். லமார் நல்ல மூளைக்காரி, அதற்காக எல்லாவற்றையும் அவர் தலையில் கட்ட வேண்டாம்.

15 மார்ச், மறுபடி

அதே தக்கலைக்காரர் விடவில்லை. "எங்க வீட்ல டபிள்யூஎல்எல் போன் இருந்துதே, குச்சி ஆன்டெனா வெச்சது, அது என்னது?"

சிடிஎம்ஏ. ரிலையன்ஸ், டாடா இண்டிகாம் செட்டுகளும் அதுதான். பட்டையையும் வெட்டாது, நேரத்தையும் வெட்டாது. எல்லோரும் ஒரே 1.25 மெகாஹெர்ட்ஸில், ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஆளுக்கொரு கணிதக் குறி. உன் குறியைப் போட்டு அரித்தால் உன் பேச்சு மட்டும் எழும்பும், மற்றவர்கள் இரைச்சலாகத் தங்கிவிடுவார்கள். ஒரே தொல்லை, டவர் பக்கத்தில் இருக்கிறவன் சத்தம் தூரத்தில் இருக்கிறவனை அமுக்கிவிடும். அதனால் ஒவ்வொரு போனையும் நொடிக்கு 800 தடவை "கூட்டு, குறை" என்று டவர் அதட்டிக்கொண்டே இருக்கும். பிறகு வந்த 3ஜியில் 1500 தடவை.

17 மார்ச்

4ஜி.

நம் நாஞ்சில் நாட்டில் வயல் வைத்திருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பேச்சிப்பாறைத் தண்ணீர் சானலில் வருகிறது, யார் மடையை எப்போது திறப்பது என்று முறை. 4ஜி டவர் ஒவ்வொரு மில்லிசெகண்டும் அந்த முறையைப் புதிதாகப் போடுகிறது. 10 மெகாஹெர்ட்ஸ் பட்டை என்றால் 50 கட்டம், ஒரு கட்டம் 180 கிலோஹெர்ட்ஸ், அதற்குள் 15 கிலோஹெர்ட்ஸில் பன்னிரண்டு மெல்லிய அலைகள். இந்த மில்லிசெகண்டில் இருபது கட்டம் உனக்கு, ஐந்து உன் அம்மைக்கு, மீதி ரீல் பார்க்கிறவனுக்கு. அடுத்த மில்லிசெகண்டில் வேறு பங்கு. 2ஜி மாதிரி ஒருவன் மௌனமாக இருந்தாலும் அவன் துண்டு அவனுக்கே என்ற கதை இல்லை. பேச்சுக்கு மட்டும் முன்னுரிமை உண்டு.

முறை போடுகிறவன் நியாயம் எது என்பதில்தான் சூட்சுமம். டவர் கிட்டே இருக்கிறவனுக்கு ஒரு கட்டத்தில் நிறைய பிட், அதாவது தகவல், ஏறும், கடைமடையில் இருக்கிறவனுக்குக் கொஞ்சம்தான் ஏறும். கிட்டே இருக்கிறவனுக்கே கொடுத்தால் மொத்த விளைச்சல் கூடும், கடைமடை காயும். எல்லோருக்கும் சமமான பிட் என்றால் கடைமடைக்கே எல்லாக் கட்டமும் போய் மற்றவன் காய்வான். நடைமுறையில் ஓடுவது இரண்டுக்கும் நடுவே: உன் சராசரியோடு ஒப்பிட இந்த நொடியில் உன் சிக்னல் நன்றாக இருக்கிறதா, அப்போது உனக்குக் கொடு. ஊரில் முறை போடுகிற ஆட்களைவிட இது நாணயமானது என்பேன், சண்டைக்கு வராதீர்கள்.

கடைமடைக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. 4ஜியில் பன்னிரண்டு முகத்துக்குப் பிரித்துக் கொடுப்பது கிடையாது. எல்லா டவரும் அதே பட்டையை முழுசாகப் பயன்படுத்தும். இரண்டு டவருக்கு நடுவே மாட்டிக்கொண்டவனுக்கு இரண்டும் சத்தமாகக் கேட்கும். கோடு ஃபுல். நெட் ஓடாது.

18 மார்ச்

முட்டத்திலிருந்து ஒருவர்: "கடலுக்குள்ள போகும்போது முன்னாடியெல்லாம் ரெண்டு கோடு நிக்கும், ஆனா கால் விழாது. இதுக்கும் கூட்டம்தான் காரணமா? கடல்ல ஏது கூட்டம்?"

நல்ல கேள்வி. இங்கே குற்றவாளி நேரம். ஒளி வேகத்தில் போனாலும் தூரத்துப் போனின் பேச்சு டவருக்குத் தாமதமாகத்தான் வரும், வந்தால் அடுத்தவன் துண்டில் போய் விழும். அதனால் டவர் ஒவ்வொரு போனிடமும் "நீ இவ்வளவு முன்னாடியே பேசு" என்று சொல்லும். ஜிஎஸ்எம்மில் அந்த எண் 0 முதல் 63 வரை, ஒரு படி சுமார் 550 மீட்டர். 63ஐப் பெருக்கினால் 35 கிலோமீட்டர். அதற்கு அப்பால் டவர் சொல்வது உனக்குக் கேட்கும், நீ சொல்வது உன் துண்டுக்குள் நிற்காது. தரைமட்டத்தில் 40 மீட்டர் டவர் நின்றால் பூமியின் வளைவே கிட்டத்தட்ட அந்தத் தூரத்தில் மறைத்துவிடும். நம் கரையில் பாறைமேலும் குன்றுமேலும் நிற்கிற டவர்கள் அதைத் தாண்டியும் பார்க்கும். அங்கேதான் இந்த வேடிக்கை. சில கடலோர டவர்களில் இரண்டு துண்டை ஒன்றாக்கி தூரத்தை நீட்டுவது உண்டு, அப்படிச் செய்தால் பேசுகிறவர் எண்ணிக்கை பாதியாகும்.

படகில் இருக்கும் விஎச்எஃப் வயர்லெஸ் செட்டைப் பாருங்கள். அங்கே பகிர்வு மனிதன் கையில். ஒரு சேனலில் ஒருவர் பேச, எல்லோரும் கேட்க, "ஓவர்" சொன்ன பிறகு அடுத்தவர். ஆபத்துக்கு 16ஆம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ். பத்துப் படகுக்கும் ஒரே செய்தி ஒரே தடவையில் போகும். செல்போனில் பத்துப் படகுக்குச் சொல்லப் பத்து கால்.

ஒக்கி புயல் நாளில், 2017 நவம்பர் 30ல், கரையில் நடந்தது வேறு. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன, ரப்பர் மரங்கள் ரோட்டில். டவர் பேட்டரி சில மணி நேரம் தாங்கும், அதன்பின் ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோக வழி இல்லை. ஒரு டவர் அணைந்தால் அதன் ஆட்களெல்லாம் பக்கத்து டவரில் ஏறுவார்கள். அது திணறும். அப்புறம் அதுவும் அணையும். அப்போது எங்கள் ஜீப் இரணியல் பக்கம் விழுந்த மரத்துக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டது. லேப்டாப் மேப்பில் சிவப்பு கூட இல்லை, கால் போட முயல்வதற்கே சிக்னல் வேண்டுமே. வெறும் சாம்பல் நிறம். தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போனவர்கள் எப்படியும் டவர் எட்டாத தூரத்தில்தான் இருந்தார்கள். அவர்களுக்குக் கரையோடு பேசச் சாட்டிலைட் போன் மாதிரி ஒன்றுதான் வேண்டியிருந்தது.

20 மார்ச்

களியக்காவிளைக்காரர்கள் ரோமிங் புராணத்தைத் தொடங்கியாயிற்று. வீட்டு முன்வாசலில் தமிழ்நாடு, அடுக்களையில் கேரளா, ஒரு காலத்தில் காசு போனது, ஆமாம், எல்லோருக்கும் தெரியும்.

இதில் விஷயம் என்னவென்றால் அலைவரிசை இங்கே வட்டம் வட்டமாக ஏலம் போவது. தமிழ்நாடு ஒரு வட்டம், கேரளா இன்னொன்று. கேரளப் பக்கம் பாறசாலையில் ஒரு கம்பெனி வைத்திருக்கும் அதே பட்டை இந்தப் பக்கம் வேறு கம்பெனியிடம் இருக்கலாம். ரேடியோ அலைக்குச் செக்போஸ்ட் கிடையாது. அதனால் எல்லையோர ஆன்டெனாவைக் கீழ்நோக்கிச் சாய்ப்பதும் பவரைக் குறைப்பதுமாகவே எங்கள் வேலை போகும். அந்தப் பகுதியில் சிக்னல் மெலிவாக இருந்தால் டவர் இல்லாமல் அல்ல, டவரைக் குனிய வைத்திருப்பதால்.

22 மார்ச்

முதல் நாள் "குறைக்கவில்லை, இடம் இல்லை" என்று தம்பிக்கு ஒரே வரியில் சொன்னேன். அந்த "இடம் இல்லை"யைக் கொஞ்சம் நோண்ட வேண்டும். இடம் இல்லாமல் போவது இயற்கை மட்டும் அல்ல.

அலையைப் பட்டையாக வெட்டினாய், நேரத்தால் வெட்டினாய், குறியால் பிரித்தாய், கட்டம் போட்டாய். இதெல்லாம் இருப்பதை வீணாக்காமல் பங்கு வைப்பது. உண்மையில் பெருக்குவது ஒன்றுதான்: அதே அலையை வேறொரு இடத்தில் மறுபடி பயன்படுத்துவது. ஒரு டவர் இருந்த பரப்பில் நாலு சின்ன டவர் வைத்தால் அதே ஸ்பெக்ட்ரத்தை நாலு தடவை விற்கலாம். 5ஜியில் 3300 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா 64 சின்ன வாய்களால் ஆளைப் பார்த்துக் கற்றை கற்றையாக வீசுவதும் அதே தந்திரம்தான், ஒரே டவருக்குள் இடத்தைப் பிரிப்பது. ஆகவே கொடைக்குப் பத்து நாள் லாரியில் டவர் கொண்டுவந்து நிறுத்தினால் நிலைமை மாறும், நிறுத்தாவிட்டால் மாறாது. அது காசுக் கணக்கு. தம்பி கோபத்தில் அவ்வளவு நியாயம் இருக்கிறது.

மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஊரில், பெயர் வேண்டாம், டவர் வேண்டாம் என்று மனு கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் அதே தெருவிலிருந்து சிக்னல் இல்லை என்று மனு. இரண்டிலும் ஒருவர் கையெழுத்து இருந்தது! "டவர் தள்ளி இருந்தா கதிர்வீச்சு கம்மி" என்கிறவர்களுக்கு: டவருக்கு இந்திய வரம்பை 2012 செப்டம்பரில் சர்வதேச வழிகாட்டுதலில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். காதோடு ஒட்டியிருப்பது டவர் இல்லை, போன். டவர் தள்ளிப் போகப் போக போன் கத்த வேண்டும். பழைய 900 செட் இரண்டு வாட் வரை போகும், 4ஜி போன் 0.2 வாட் வரை. கீரிப்பாறைப் பக்கம் போனால் போன் சூடாகிச் சார்ஜ் இறங்குவது அதனால்தான்.

23 மார்ச்

ஹெடி லமார் படத்தை நான்காவது ஆள் ஒட்டியிருக்கிறார். மேலே படியுங்கப்பா.

26 மார்ச்

குலசேகரம் சேட்டன்: "புது 5ஜி போன் வாங்கினேன், வெளித்திண்ணையில பறக்குது, ரப்பர் விளைக்குள்ள போனா ஒண்ணுமே இல்ல. போன் கேடா?"

போன் நன்றாகத்தான் இருக்கும். 5ஜியின் 3300 மெகாஹெர்ட்ஸில் பட்டை அகலம், ஆனால் ஈர இலையும் மரமும் அதைத் தின்றுவிடும். 700, 850, 900 உள்ளே நுழையும், பட்டை குறுகல். பால் வெட்டுகிற நேரத்தில் செட்டிங்கில் போய் 4ஜிக்கு மாற்றி வையுங்கள், பேட்டரியும் நிற்கும். வீட்டுக்குள் வைஃபை இருந்தால் வைஃபை காலிங்கை ஆன் பண்ணுங்கள், அப்போது கால் டவரைத் தொடாமலே போகும். அதற்கும் சரிவராவிட்டால் போன் மாடலையும் ஆண்ட்ராய்டு வெர்ஷனையும் இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.